‘இது உன்னைப் பலசாலி ஆக்கும்’ என்று தம்பியிடம் சொன்னது தப்பா?

மே 4, கேள்வி

என் தம்பிக்குச் சாலை விபத்து நடந்து எட்டு மாதம் ஆகிறது. உடம்பு தேறிவிட்டது. அவனோடு வண்டியில் வந்த நண்பன் பிழைக்கவில்லை. தம்பி இன்னும் வண்டிச் சாவியைத் தொடுவதில்லை, ராத்திரியில் தூங்குவதில்லை. போன வாரம் அவனிடம், ‘இதெல்லாம் உன்னைப் பலசாலி ஆக்கத்தான்டா, புடம் போட்ட தங்கமா வெளியே வருவ’ என்றேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அன்றிலிருந்து என்னோடு பேச்சே இல்லை. துன்பம் மனிதரை வளர்க்கும் என்பது உண்மைதானே? நான் சொன்னதில் என்ன தப்பு?

மே 4, இரவு

நீங்கள் அன்பில்தான் சொன்னீர்கள், தெரிகிறது. ஆனால் சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் நான் பல மாதம் இருந்திருக்கிறேன். அங்கே அந்த வாக்கியம் எப்படிக் கேட்கும் என்று சொல்கிறேன்.

பதினொரு வருடத்துக்கு முன்பு நான் போன இரவுப் பேருந்து கவிழ்ந்தது. ஏறும்போது எனக்கு நடைபாதை ஓரத்து இருக்கை. தலை சுற்றும் என்று, ஜன்னலோரம் இருந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடம் இடம் மாற்றிக் கேட்டேன். ‘அதுக்கென்ன, வாம்மா’ என்று உடனே எழுந்துகொண்டார். வண்டி சாய்ந்தபோது என் கைக்கு ஜன்னல் கம்பி கிடைத்தது. அவர் கைக்கு எதுவும் கிடைக்கவில்லை. எனக்குத் தோள்பட்டையில் எலும்பு முறிவு, மூன்று மாதத்தில் கூடிவிட்டது. அவர் அங்கேயே இறந்துவிட்டார்.

என்னைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் உங்கள் வாக்கியத்தையே வேறு வேறு சொற்களில் சொன்னார்கள். ‘எதற்கோதான் உன்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.’ ‘இனிமேல் உன்னை எதுவும் அசைக்க முடியாது.’ எனக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நான் தேறுவதற்காக அந்த அம்மா போக வேண்டியிருந்தது. உங்கள் தம்பிக்கும் அப்படிக் கேட்டிருக்கலாம். தான் பலசாலி ஆவதற்குத் தன் நண்பன் விலையா என்று. அந்த வாக்கியத்தோடு ஒரே அறையில் இருக்க முடியாமல்தான் அவன் எழுந்து போயிருப்பான். உங்கள் மேல் கோபமாகவே இருக்க வேண்டும் என்றில்லை.

மே 5

இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தீர்கள், துன்பம் வளர்க்கும் என்பது உண்மைதானே என்று. பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதற்கு ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி’ என்று பெயர் வைத்தவர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹவுன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். 1990களின் நடுவில். 1996-இல் அதை அளக்க ஒரு படிவமும் தயாரித்தார்கள். 21 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். ஐந்து பக்கங்களில் மாற்றம் வந்திருக்கிறதா என்று அது பார்க்கும்: மற்றவர்களோடு நெருக்கம், புதிய வழிகள் திறப்பது, தன் பலத்தை உணர்வது, ஆன்மிகத்தில் மாற்றம், வாழ்க்கையின் அருமை தெரிவது. எனக்கு ஆலோசனை தந்தவர் இரண்டாவது வருடம் இந்தப் படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், அதில் ஒரு விஷயம் இருக்கிறது.

அவர்கள் சொல்லும் உவமை நிலநடுக்கம். ஊர் இடிகிறது. பிறகு கட்டுகிறவர்கள் முன்பைவிட உறுதியாகக் கட்டலாம். அந்த உறுதியை நிலநடுக்கம் கொடுக்கவில்லை, கட்டியவர்கள் கொடுத்தார்கள். இதை விட்டுவிட்டு ‘துன்பம் வளர்க்கும்’ என்று சுருக்கிச் சொல்லும்போது, இடித்ததற்கே புகழ் போய்ச் சேர்கிறது.

இடிவது எது என்பதை ரானி ஜானோஃப்-புல்மன் என்ற உளவியலாளர் 1992-இல் விளக்கியிருக்கிறார். உலகம் பெரும்பாலும் நல்லது, நடப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, நான் மதிப்புள்ள ஆள் – இந்த மூன்று நம்பிக்கைகளையும் வாய்விட்டுச் சொல்லாமலே சுமந்துகொண்டிருக்கிறோம், அதிர்ச்சி அவற்றைத்தான் உடைக்கிறது என்கிறார். நானே உதாரணம். பேருந்தில் ஏறினால் இறங்குவேன் என்று அதுவரை ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. நினைக்கவே தேவையில்லாத அளவுக்கு நம்பியிருந்தேன்.

மே 5, கொஞ்ச நேரம் கழித்து

தங்கம் உவமை பற்றி. ‘சுடச்சுடரும் பொன்போல்’ குறளை எனக்கும் நாலைந்து பேர் சொன்னார்கள். அது 267-ஆவது குறள், தவம் என்ற அதிகாரத்தில் வருகிறது. நோற்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறது, அதாவது தானாக ஒரு கடுமையை ஏற்றுக்கொண்டவர்களைப் பற்றி. உங்கள் தம்பி எதையும் நோற்கவில்லை. வண்டியில் போய்க்கொண்டிருந்தான்.

மே 6, விடியற்காலை

முதல் நாளே எழுதியிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன். என் கதையில் மூழ்கிப்போனேன், மன்னியுங்கள்.

எட்டு மாதமாகத் தூக்கம் இல்லை, சாவியைத் தொடுவதில்லை என்கிறீர்கள். வளர்ச்சி பற்றிய பேச்சையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு முதலில் இதைப் பாருங்கள். பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் நீடிக்கும் மன உளைச்சல் என்கிற நிலைக்கு 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம் கிடைத்தது. இப்போதைய வரையறைப்படி நான்கு வகை அறிகுறிகளைப் பார்ப்பார்கள்: நடந்தது நினைவிலும் கனவிலும் தானாக வந்து விழுவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எண்ணம் இருண்டு போவது, உடம்பு எப்போதும் விறைப்பாகக் காத்திருப்பது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் உதவி தேவை. உங்கள் தம்பிக்கு இருப்பது அதுதான் என்று நான் சொல்ல முடியாது. பார்த்துச் சொல்லக்கூடியவரிடம் அவன் போக வேண்டும், அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியும். சாகலாம் போல இருக்கிறது என்று ஜாடையாகச் சொன்னாலும் அன்றே அழைத்துப் போங்கள். அவனிடம் அதை நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

எனக்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான் அந்த உதவி கிடைத்தது. அந்த ஒன்றரை வருடமும் ‘நீ தைரியசாலி, உனக்கு எதுக்கு டாக்டர்’ என்றார்கள். பலசாலி என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது.

மே 9

சிகிச்சை எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கிய முறை. பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை போகும். கண்ணை மூடிக்கொண்டு அந்த இரவை நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும். ‘ஏறினேன்’ என்று சொல்லக்கூடாது, ‘ஏறுகிறேன்’. அதைப் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்கச் சொன்னார்கள். முதல் வாரம் நான் கேட்டதாகப் பொய் சொன்னேன். ஆலோசகர் கோபித்துக்கொள்ளவில்லை. ‘எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்?’ என்று மட்டும் கேட்டார். ‘வாம்மா’ என்ற இடம்.

இன்னொரு பக்கம், தவிர்த்துக்கொண்டிருந்ததைப் படிப்படியாக நெருங்குவது. பேருந்து நிற்கும் இடத்துக்குத் தூரத்தில் நின்றேன். இன்னொரு நாள் பக்கத்தில். பிறகு நின்றுகொண்டிருந்த பேருந்தில் ஏறி உட்கார்ந்து, கிளம்புவதற்கு முன்பே இறங்கினேன். நடத்துனர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் காலத்தில் நிறைய நடத்துனர்கள் என்னை அப்படிப் பார்த்தார்கள்.

இதற்கிடையில் எழுதவும் செய்தேன். உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களை நான்கு நாள் தொடர்ந்து, தினம் 15 நிமிடம், தங்களைக் காயப்படுத்திய அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனநிலை மோசமாகத்தான் ஆனது. இந்த இரண்டாவது பாதியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் நாள் எழுதிவிட்டுக் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதபோது, எழுதுவதையும் நான் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். உங்கள் தம்பி எழுத ஆரம்பித்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மே 9, இரவு

காலையில் எழுதியதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் அவனைப் பேச வைக்க வேண்டும், இல்லையா’ என்று கேட்கிறீர்கள். இல்லை. நான் எழுதிய விதம் அப்படித் தோன்ற வைத்திருக்கிறது, திருத்திக்கொள்கிறேன். விபத்து முடிந்த கையோடு எல்லாரையும் உட்கார வைத்து, நடந்ததை ஒரே அமர்வில் கொட்ட வைக்கும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. ஆய்வுகளில் அதனால் பலன் தெரியவில்லை. சிலருக்குக் கெடுதலே ஆனது. நான் சொன்ன சிகிச்சை வேறு. பயிற்சி பெற்றவர் கூடவே இருந்து, எப்போது நிறுத்துவது என்று தெரிந்து நடத்துவது. வீட்டில் நீங்கள் அதை முயன்று பார்க்காதீர்கள். அவனாகப் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் வீட்டில் இருங்கள், போதும்.

மே 12

படிவம் பற்றி அப்புறம் எழுதுகிறேன் என்றிருந்தேன். நேற்று அக்காவிடம் பேசியதும் அதை எழுதியே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

இரண்டாவது வருடம் அதை நிரப்பியபோது நிறைய வாக்கியங்களுக்கு 4, 5 என்று போட்டேன். மற்றவர்கள்மேல் கரிசனம் கூடியிருக்கிறது: 5. கஷ்டத்தைச் சமாளிக்க முடியும் என்று தெரிந்துகொண்டேன்: 5. போடும்போதே கண்ணீர் வந்தது, நான் தேறிவிட்டேன் என்று. இத்தனை வருடமும் அந்தத் தாளை மனதில் வைத்துக்கொண்டுதான் ‘விபத்துக்குப் பிறகு நான் பொறுமைசாலி ஆனேன்’ என்று எல்லாரிடமும் சொல்லி வந்தேன்.

நேற்று அக்காவிடம் உங்கள் கேள்வியைச் சொல்லி, இதையும் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘நீ சின்ன வயசுலேயே பொறுமைதான்டி. அந்த மூணு வருஷந்தான் உன்கிட்ட வாய் திறக்கவே பயந்தோம்’ என்றாள். நான் ஒரு தட்டை எடுத்துச் சுவரில் எறிந்ததாம். அக்கா மகன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டானாம். எனக்கு அது நினைவிலேயே இல்லை.

ராத்திரி முழுக்க யோசித்தேன். உளவியலில் இதே சந்தேகம் பெரிதாகவே எழுந்திருக்கிறது. ‘நான் மாறிவிட்டேன்’ என்று சொல்ல வேண்டுமென்றால், முன்பு எப்படி இருந்தேன் என்பது சரியாக நினைவிருக்க வேண்டும். இருப்பதில்லை. 2009-இல் பட்ரீஷியா ஃப்ரேசியரும் அவருடன் இருந்தவர்களும் கல்லூரி மாணவர்களை இரண்டு முறை அளந்து ஒப்பிட்டார்கள், இடைப்பட்ட காலத்தில் அதிர்ச்சியான அனுபவம் நேர்ந்தவர்களைத் தனியாகப் பார்த்தார்கள். அவர்கள் ‘வளர்ந்திருக்கிறேன்’ என்று சொன்னதற்கும் அளவீட்டில் தெரிந்த மாற்றத்துக்கும் பெரும்பாலும் பொருத்தம் இல்லை. வளர்ந்ததாகச் சொன்னவர்களிடம் மன உளைச்சல் கூடித்தான் இருந்தது. நிஜமாகவே மாறியிருந்தவர்களிடம் அது குறைந்திருந்தது.

நான் போட்ட அந்த 5-கள் பொய் இல்லை. அப்போது நிற்பதற்கு எனக்கு ஒரு தரை வேண்டியிருந்தது, அவற்றைப் போட்டுக்கொண்டேன். ஆனால் அவற்றைக் காட்டி இன்னொருவரிடம் ‘உனக்கும் இப்படி ஆகும்’ என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. நான் நிறையப் பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா மகனுக்கு இப்போது பதினாறு வயது. இன்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ‘எந்தத் தட்டு சித்தி?’ என்றான். நிஜமாகவே மறந்துவிட்டானா, எனக்காகச் சொன்னானா என்று தெரியவில்லை.

மே 13

அப்படியானால் எதுவுமே மாறவில்லையா? அதையும் அக்காவிடமே கேட்டேன். ஒன்று சொன்னாள். முன்பெல்லாம் யார் வீட்டிலாவது சாவு என்றால் நான் ஒரு செய்தி அனுப்பிவிட்டு ஒதுங்கிவிடுவேன். என்ன பேசுவது என்று தெரியாத பயம். இப்போது போகிறேன். போய் உட்காருகிறேன், பேசாமலே இரண்டு மூன்று மணி நேரம் இருக்கிறேன். கூட வேலை செய்தவரின் மனைவி இறந்தபோது வாரத்துக்கு ஒரு நாள் என்று ஏழெட்டு மாதம் போனேன். ‘இது நிஜமா மாறியிருக்கு’ என்றாள் அக்கா.

அந்தப் படிவத்தில் இதற்கு நேரான வாக்கியம் எதுவும் எனக்கு நினைவில்லை. இருந்திருந்தாலும் அப்போது 0 தான் போட்டிருப்பேன், அதெல்லாம் தொடங்கியது ஐந்தாவது வருடம்.

மே 15

அந்த அம்மாவைப் பற்றி நீங்கள் கேட்டது. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

நாலாவது வருடம் அவர் மகளைத் தேடிப் போனேன். இடம் மாற்றிக் கேட்டதை அந்தக் குடும்பத்தில் யாருக்கும் நான் சொல்லியிருக்கவில்லை. போய் உட்கார்ந்து சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும், ‘அம்மா அப்படித்தாங்க, யார் கேட்டாலும் எழுந்து குடுத்துடுவாங்க’ என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்புகூட வந்தது. அப்புறம் அழுதார், நானும் அழுதேன். கிளம்பும்போது வாசல்வரை வந்து, ‘இனிமே வராதீங்க. உங்க மேல கோபம் இல்ல. பார்த்தா அந்த சீட்டுதான் ஞாபகம் வரும்’ என்றார்.

திரும்பிப் போகவில்லை. அந்தச் சந்திப்பைத்தான் என் வளர்ச்சியின் உச்சம் என்று பல வருடம் நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னேன், தைரியமாகப் போனேன் என்று. இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. நாலு வருடம் நான் சுமந்ததை அவர் மடியில் இறக்கி வைத்துவிட்டு வந்தேன். அதற்கு முன்பு அவருக்கு அம்மாவின் சாவு ஒரு விபத்து. நான் போன பிறகு அதில் ஒரு ‘ஒருவேளை’ சேர்ந்துவிட்டது. என் தூக்கம் அதற்குப் பிறகு சரியானது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

போயிருக்கக்கூடாது என்றும் சொல்ல முடியவில்லை. அம்மா எழுந்து இடம் கொடுத்தது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அது தெரிய வேண்டியவர் அந்த மகள். இரண்டும் சேர்ந்தேதான் எனக்குள் இருக்கிறது. சில வாரங்கள் ஒன்று மேலே இருக்கும், சில வாரங்கள் மற்றது.

மே 16

உங்கள் தம்பி, நண்பனின் வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேற்று நான் எழுதியதைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள். என்னால் பதில் சொல்ல முடியாது. ஆலோசகரிடம் போக ஆரம்பித்த பிறகு, அங்கே பேசி முடிவு செய்யட்டும். போவதானால், அவர்கள் கேட்க விரும்புகிறார்களா என்று முதலில் வேறு ஒருவர் மூலமாகக் கேளுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

மே 21

‘அவன் வளராமலே போய்விட்டால்?’

இந்தக் கேள்வியில் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஜார்ஜ் பொனன்னோ என்ற உளவியலாளர் 2004-இல் எழுதிய கட்டுரை ஒன்று, இழப்பையும் அதிர்ச்சியையும் சந்திக்கிறவர்களில் மிகப் பலர் பெரிதாக நிலைகுலையாமல் வாழ்க்கையைத் தொடர்கிறார்கள் என்று காட்டியது. அவர்கள் துக்கத்தை மறைக்கிறார்கள் என்று எண்ண வேண்டியதில்லை என்கிறார். அவர்களுக்குப் பெரிய மாற்றம் வராது, வரத் தேவையும் இல்லை. இன்னொரு பக்கம், மாற்றமும் வலியும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருப்பதும் அடிக்கடி நடப்பதுதான். எனக்கு இன்றும் இரவுப் பேருந்தில் தூக்கம் வராது. ஜன்னலோரம் உட்காருவதில்லை.

அவன் முன்பு இருந்த மாதிரியே திரும்பி வந்தாலும் நல்லது. முன்பைவிடக் கொஞ்சம் பயந்தவனாக, கொஞ்சம் மௌனமானவனாக வந்தாலும் அவன் உங்கள் தம்பிதான். நண்பனையும் இழந்து, அதற்கு ஈடாக எல்லாரும் பாராட்டும்படி ஒரு புது ஆளாகவும் மாறிக் காட்ட வேண்டும் என்பது அவன் தலையில் இன்னொரு பாரம். எனக்கு வைத்தார்கள், நானும் தலையை நீட்டினேன்.

மே 30

நீங்கள் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். கதவுக்கு வெளியே நின்று ‘நான் சொன்னது தப்புடா’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தது நல்லது. காரணம் எதுவும் சேர்க்காமல் சொன்னீர்கள் பாருங்கள், அது இன்னும் நல்லது. மூன்றாவது நாள் அவனாக வந்து, பெயரைச் சொல்லாமல், ‘அவன் பாட்டு மாத்தச் சொன்னான், நான் குனிஞ்சேன்’ என்று சொன்னதற்கு நீங்கள் பதில் ஒன்றும் சொல்லவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அந்த வாக்கியத்துக்குப் பதில் இல்லை. ‘உன் தப்பு இல்ல’ என்று அவசரமாகச் சொல்லியிருந்தால் அத்தோடு நிறுத்தியிருப்பான். என்னிடம் அப்படிச் சொன்னவர்களிடம் நான் நிறுத்தினேன்.

ஆலோசகரிடம் பதிவு செய்தது அவனே என்பது எனக்கு இன்று முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 18

நாலு அமர்வு ஆகியிருக்கிறது. ஆலோசகருடைய யோசனைப்படி இந்த வாரம் நிற்கும் வண்டியில் பத்து நிமிடம் உட்கார வேண்டும், பக்கத்து இருக்கையில் உங்களை இருக்கச் சொல்லியிருக்கிறான். என்ன பேசுவது என்று கேட்கிறீர்கள்.

எதுவும் பேச வேண்டாம். பாட்டு போடாதீர்கள். சாவி அவன் கையிலேயே இருக்கட்டும், போடச் சொல்லாதீர்கள். பத்து நிமிடத்துக்கு முன்பே இறங்க நினைத்தால் ஆலோசகர் என்ன சொல்லியிருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும், அதையும் நீங்கள் நினைவூட்ட வேண்டாம். நண்பன் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் நீங்கள் உட்காரப் போகிறீர்கள். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.